"ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்லிட்டேன்"

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு கிராம சுகாதார செவிலியர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் எதுவும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது.

அவர் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் பகுதியில் ஒரு பெண் குழந்தைக்கு ஒன்பது மாதத்தில் போட வேண்டிய எம்.ஆர். ஊசி, அதாவது தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி, ஏழு வாரமாகத் தள்ளிப்போகிறது. குழந்தையின் அப்பா வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பவர். அவருடைய அக்கா மகனுக்கு இரண்டு வயதில் ஆட்டிசம் என்று தெரியவந்தது. ஊசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்று சொல்லும், வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, "இதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க, அப்புறம் ஊசியைப் பத்திப் பேசலாம்" என்கிறார். நம் செவிலியர் மூன்று முறை போயிருக்கிறார். தட்டம்மை வந்த குழந்தைகளின் படங்களைக் கைபேசியில் காட்டியிருக்கிறார். மூன்றாவது முறை பேச்சு தடித்து, "முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் வராது, பிறப்புச் சான்றிதழ்லயும் சிக்கல் வரும்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவே ஊர்த் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் தெருவையும் வீட்டையும் குறிப்பிட்டு, இவர்களால்தான் ஊருக்கே நோய் வரும் என்று எழுதிவிட்டார். அப்பா இப்போது கலெக்டரிடம் மனு கொடுக்கப்போவதாகச் சொல்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் வேறொரு வீடு வருகிறது. போன வருடம் அங்கே ஒரு குழந்தைக்கு இரண்டாவது பென்டா ஊசி (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட்ட தொடையில் சீழ் கட்டி, தாலுகா ஆஸ்பத்திரியில் கீறி எடுத்திருக்கிறார்கள். "ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, நீங்க எண்ணெய் தேய்ச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டேன் அம்மா. ரிப்போர்ட்டும் பண்ணல" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு புதன்கிழமை ஊசி போட வருபவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், பேனா மாறிய எழுத்தில், தன் சொந்த மகளைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். அவருடைய கேள்விகள்: இவர்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லையா? அந்தக் காணொளிக்கு என்ன பதில்? மேலே இருப்பவர் "மறுத்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு விடு" என்கிறார், விட்டுவிடலாமா? நானே இன்ஸ்டாகிராமில் விழிப்புணர்வுக் காணொளி போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நானும் உங்களைப் போல வேக்சின் கேரியரை, அதாவது தடுப்பூசி மருந்துக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவள்தான். பிறகு பல வருடம் செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். நீங்கள் காணொளியில் ஆரம்பித்து சீழ்க்கட்டியில் வந்து முடித்திருக்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் உங்கள் ஊரில் பரவிக்கொண்டிருப்பது காணொளி மட்டும் இல்லை. "ஊசி போட்ட இடத்துல சீழ் வச்சுது, நர்ஸம்மா எங்க மேலேயே பழி போட்டாங்க" என்ற செய்தியும் பரவுகிறது. இரண்டாவது செய்தியில் பொய் எதுவும் இல்லை.

சீழ் கட்டிய குழந்தை

ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டுவது அபூர்வம், ஆனால் நடக்கும். சுத்தக் குறைவால் கிருமி போய்க் கட்டலாம். தசைக்குள் போக வேண்டிய பென்டா மருந்து தோலுக்கடியிலேயே நின்றுவிட்டால் கிருமி இல்லாமலேகூடக் கட்டலாம். வீட்டில் எதையாவது வைத்துத் தேய்த்தும் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் எது காரணம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதிவு செய்திருந்தால் மெடிக்கல் ஆபீசர் பார்த்திருப்பார். அன்று அதே குப்பியிலிருந்து ஊசி போட்ட மற்ற குழந்தைகளையும் விசாரித்திருப்பார்கள். அந்த வாய்ப்பு போய்விட்டது. தெரியாத இடத்தில் "எண்ணெய் தேய்ச்சிருப்பீங்க" என்று நீங்கள் ஒரு காரணத்தை உருவாக்கினீர்கள். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அன்று ஆதாரமில்லாத தகவல் உங்கள் வாயிலிருந்துதான் வந்தது.

உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. பயிற்சி வகுப்புகளில் நான் பார்த்த பெரும்பாலான செவிலியர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பக்கவிளைவு என்று ஒத்துக்கொண்டால் ஜனங்கள் ஊசிக்கே வர மாட்டார்கள், அதனால் எது நடந்தாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஊசி போடுபவர் மேல் ஜனங்களின் நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் கண்ணெதிரே உதாரணங்கள் இருக்கின்றன.

பசிபிக் கடலில் சமோவா என்று ஒரு சின்னத் தீவு நாடு. மொத்த ஜனத்தொகையே இரண்டு லட்சம்தான். 2018 ஜூலையில் அங்கே எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி) தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, காலாவதியான தசை தளர்த்தும் மருந்தைக் கலந்து ஊசி போட்டுவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசியில் குற்றமில்லை, கலந்த கையில்தான் தவறு. அந்தச் செவிலியர்கள் இருவருக்கும் ஐந்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் தடுப்பூசித் திட்டம் சுமார் பத்து மாதம் நின்றுபோனது. அந்த இடைவெளியில் வதந்திக்காரர்கள் புகுந்தார்கள். அந்த வருடம் தட்டம்மை ஊசி பெற்ற கைக்குழந்தைகள் 31 சதவீதமாக விழுந்தார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. 5,700 பேருக்கு மேல் படுத்தார்கள், 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது ஆகாதவர்கள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய்ப் போட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு ஒரு சாயல் உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டதைத் தொடர்ந்து நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நான் அப்போது வேறு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். அடுத்த புதன்கிழமை, எப்போதும் நிரம்பி வழியும் அங்கன்வாடித் திண்ணையில் நானும் ஆயாவும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். அதன் பிறகு ஊர்களுக்குப் போய் ஊசி போடுவது நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால்தான் ஊசி என்று ஆனது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைகள் 2005–06இல் 81 சதவீதம், 2015–16இல் 70. அது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த வெறும் திண்ணையை மறக்கவும் மாட்டேன். 2019–21இல் அது 89 ஆக ஏறியிருக்கிறது. அதில் உங்களைப் போன்றவர்கள் நடந்த நடை இருக்கிறது.

ஆகவே முதலில் அந்தச் சீழ்க்கட்டி வீட்டுக்குப் போங்கள். டியூ லிஸ்ட் (ஊசி பாக்கி உள்ள குழந்தைகளின் பட்டியல்), அட்டை எதுவும் கையில் வேண்டாம். "அன்னைக்கு நான் உங்க மேல பழி போட்டது தப்பு. ஊசி போட்ட இடத்துல எப்பவாவது இப்படி ஆகும். அன்னைக்கே நான் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல" என்று மட்டும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அடுத்த ஊசி பாக்கி இருந்தாலும் அன்று அதைப் பேச வேண்டாம். போவதற்கு முன் மெடிக்கல் ஆபீசரிடம் விஷயத்தைச் சொல்லி, தாமதமாகவாவது பதிவு செய்யுங்கள். கண்டிப்பு வரலாம். பதிவு செய்யாமல் இருந்தது பின்னால் வெளியே வந்தால் வரும் பேச்சு இதைவிடப் பெரியதாக இருக்கும்.

வற்புறுத்த முடியுமா?

முடியாது. நம் தேசியத் தடுப்பூசித் திட்டம் பெற்றோரின் சம்மதத்தில்தான் நடக்கிறது. கொரோனா தடுப்பூசி வழக்கில் 2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றும், அவரவர் உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் வருகிறது என்றும் தெளிவாகச் சொன்னது. பிறப்புப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது. ஊசி போடவில்லை என்பதற்காக அதில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் நீங்கள் அந்த அப்பாவிடம் சொன்னது தவறான தகவல். முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவியில் ஒரு பகுதி குழந்தையின் தடுப்பூசியோடு சேர்த்து வருவது உண்மைதான். ஆனால் அதை விதியாகச் சொல்வது வேறு, மிரட்டலாகச் சொல்வது வேறு. பணத்தைக் காட்டி மிரட்டினால், "ஊசி நல்லதா இருந்தா எதுக்கு மிரட்டுறாங்க?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

"மறுத்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு விடு" என்று உங்கள் மேலதிகாரி சொன்னதில் பாதிதான் சரி. எழுத வேண்டும். விட வேண்டாம். உங்கள் டியூ லிஸ்டில் "மறுப்பு" என்று ஒரே வார்த்தைக்குள் குறைந்தது நாலு வகை ஆட்கள் இருப்பார்கள். காய்ச்சலுக்குப் பயந்து தள்ளிப்போடுபவர், மாமியாருக்குப் பயந்தவர், கூலி போய்விடும் என்று புதன்கிழமை வர முடியாதவர், அப்புறம் உண்மையிலேயே எதிர்ப்பவர். கடைசி வகை கையளவுதான். அந்த ஒருவரோடு வாதாடி ஜெயிக்க நினைத்து மற்ற மூவரை நாம் கோட்டைவிடுகிறோம்.

இன்னொன்று. "படிச்சவங்களே இப்படி இருந்தா" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 2017 பிப்ரவரியில் எம்.ஆர். முகாம் தொடங்கியது ஞாபகம் இருக்கும். நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் ஊசி. வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பிள்ளை பிறக்காது என்றார்கள், வெளிநாட்டுச் சதி என்றார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை இழுத்தது. அப்போது என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் கூலிக்காரர்கள் இல்லை. கார் வைத்திருந்தவர்கள், பள்ளி டைரியில் ஆங்கிலத்தில் மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள். படித்தவர்களுக்குத் தேடத் தெரியும். தேடினால் நல்லதும் கிடைக்கும், குப்பையும் கிடைக்கும். அறியாமை என்ற கோணத்தில் அவர்களை அணுகினால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காணொளி

இதற்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விவரம் முதலில். இந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் ஆரம்பித்தது. அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2019இல் முடிவு சொன்னார்கள். எம்.எம்.ஆர். போட்டவர்கள், போடாதவர்கள், இரு தரப்பிலும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. உடன்பிறந்தவருக்கு ஆட்டிசம் இருந்த குழந்தைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருப்பதால் பயப்படும் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கு நெருங்கிப் பொருந்துவது இந்தக் கடைசி வரிதான். பாதரசம் பற்றி அந்தக் காணொளி பேசுகிறதா தெரியவில்லை. பேசினால், எம்.ஆர். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த மருந்து, அதில் அந்தப் பாதரசப் பொருளைச் சேர்ப்பதே இல்லை.

சரி, இதையெல்லாம் அப்படியே அவரிடம் ஒப்பித்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டார்கள். ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற விளக்கத்தைப் படித்தவர்களில் அந்தத் தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் ஏற்கெனவே ஊசி மேல் அதிக வெறுப்பில் இருந்தவர்களுக்கு அடுத்த குழந்தைக்குப் போடும் எண்ணமும் சேர்ந்து குறைந்தது. நோய் வந்த குழந்தைகளின் படத்தைக் காட்டியபோது, ஆட்டிசம் பற்றிய பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. நீங்கள் கைபேசியில் காட்டிய படங்கள் ஏன் வேலை செய்யவில்லை என்று இப்போது புரியும். பயந்திருப்பவருக்கு இன்னொரு பயத்தைக் கொடுத்தால், இரண்டையும் சேர்த்து ஊசியின் கணக்கிலேயே எழுதிவிடுவார்.

அந்த அப்பா காணொளியைப் பேசவில்லை. தன் அக்கா மகனைப் பேசுகிறார். ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வெளியே தெரியவரும். எம்.ஆர். இரண்டாவது டோஸ் பதினாறிலிருந்து இருபத்துநாலு மாதத்துக்குள். இரண்டும் ஒரே காலத்தில் வருவதால் எந்தக் குடும்பத்துக்கும் அந்த முடிச்சு தானாகவே விழும். அவர் அக்கா இரண்டு வருடமாக "ஊசி போடாம இருந்திருக்கலாமோ" என்று தன்னையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி அவர். அவரிடம் போய், "அக்கா பையன் எப்படி இருக்கான்? பேச்சுப் பயிற்சிக்குப் போறாங்களா?" என்று கேட்டீர்களா? மூன்று முறை போனதில் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருங்கள். பிறகு, "இதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சத சொல்லலாமா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்றால் டென்மார்க் கணக்கில் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

ஊசியின் கெடுதலையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். எம்.ஆர். போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும். சில ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் கடுமையான ஒவ்வாமை வரலாம். அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம், அட்ரினலின் வைத்திருக்கிறோம். மறுபக்கம் தட்டம்மை வந்தால் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல், இருபதில் ஒரு குழந்தைக்கு நிமோனியா. "எங்க பாட்டி காலத்துல மணல்வாரி வந்து வேப்பிலை கட்டி எழுந்திருச்சவங்கதானே நாங்க" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். எழுந்தவர்கள்தான் அதைச் சொல்ல உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் இதை அப்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடாதீர்கள். "உங்க பாட்டிகூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டால் போதும், பாட்டியே கணக்குச் சொல்லுவார்.

ஒரே வரியில் வந்த அம்மா

உங்கள் கடிதத்தில் அப்பா பக்கம் பக்கமாக இருக்கிறார். குழந்தையின் அம்மா ஒரே வரியில் வருகிறார்: "அந்தப் பொண்ணு மட்டும், ஒரே நாள்ல மூணு குத்தா மேடம்னு கேட்டுச்சு." அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இல்லை. அப்பாவோடு சண்டையில் அந்தக் கேள்வி காற்றில் போயிருக்கும். என் அனுபவத்தில், வீட்டுக்குள் ராத்திரி நடக்கும் பேச்சைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

ஒன்பதாம் மாதம் வலது கையில் எம்.ஆர்., இடது கையில் போலியோவின் மூன்றாவது ஊசி, தொடையில் நிமோனியாத் தடுப்பூசி பூஸ்டர். மூன்று குத்து என்பது உண்மை. தாய்க்கு அது கொடுமையாகத் தெரிவதும் இயற்கை. மூன்றையும் ஒரே நாளில் போடுவதால் குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்குச் சுமை ஆகாது. தவழ்ந்து போய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தையின் உடம்பு ஒரு நாளில் சந்திக்கும் கிருமிகளோடு ஒப்பிட்டால் இது சொற்பம். பிரித்துப் போட்டால் மூன்று புதன்கிழமை அழும், நடுவில் பாதுகாப்பு இல்லாத நாட்கள் கூடும். ஆனால் வலிக்கு நம்மால் செய்ய முடிந்தது இருக்கிறது. படுக்க வைத்து நாலு பேர் அமுக்காமல் அம்மா மடியில் வைத்துப் போடுங்கள். குத்தும்போது தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள். ஊசியைக் குத்தியபின் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுங்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் கேள்விக்குப் பதிலும் ஆயிற்று, நீங்கள் குழந்தையின் பக்கம் என்றும் தெரிந்துவிடும்.

ஊசி போட்ட பின் சொல்ல வேண்டிய நான்கு விஷயங்கள் பயிற்சியில் உங்களுக்குக் கற்றுத் தந்திருப்பார்கள்: ஒன்று, என்ன ஊசி, எந்த நோய்க்கு; இரண்டு, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; மூன்று, அடுத்து எப்போது வர வேண்டும்; நான்கு, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவர வேண்டும். நாற்பது குழந்தைகள் வரிசையில் நிற்கும்போது முதலில் விழுவது இரண்டாவது விஷயம்தான். மனதில் கைவைத்துச் சொல்லுங்கள், சீழ் கட்டிய குழந்தையின் அம்மாவுக்கு அன்று அதைச் சொன்னீர்களா?

குழுவில் போட்ட செய்தி

இது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். ஒரு குழந்தையின் தடுப்பூசி விவரம் நோயாளியின் ரகசியம். அதைக் காக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது. வீட்டைக் குறிப்பிடாமல் இருந்திருந்தாலும், எண்பது வீடு உள்ள ஊரில் தெருவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். செய்தியை அழிக்க முடிந்தால் இன்றே அழியுங்கள். ஆனால் அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை விசாரணை வந்தால் நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை நீங்களே காட்டுவது நல்லது. குழுவில், "அன்று நான் எழுதியது தவறு, ஒரு குடும்பத்தைப் பற்றி அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று மட்டும் போடுங்கள். விளக்கம் வேண்டாம். அந்த வீட்டுக்கு நேரில் போய்த் தனியாகவும் சொல்லுங்கள்.

மனு போவதற்கு முன் மெடிக்கல் ஆபீசரிடம் அரைப் பக்கத்தில் நடந்ததைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள். மிரட்டியதையும் சேர்த்துத்தான். மேலிருந்து கேட்டு அவர் தெரிந்துகொள்வதைவிட உங்களிடமிருந்து தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. அந்த அப்பாவின் மனுவை நிறுத்த முயற்சி செய்யாதீர்கள், தெரிந்தவர் மூலம் சமாதானமும் பேசாதீர்கள். அது அவருடைய உரிமை.

இன்ஸ்டாகிராம் யோசனையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் உங்களுக்கும் பொருந்தும். சீருடையோடு பொதுவெளியில் பேசுவதென்றால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் குரலுக்கு மதிப்பு இருப்பது உங்கள் ஊரில்தான். மெடிக்கல் ஆபீசர் பார்த்துச் சரி சொன்ன இரண்டு நிமிடக் குரல் பதிவை, "எம்.ஆர். போட்டபின் எந்த நாளில் காய்ச்சல் வரலாம், என்ன செய்யணும்" என்று அந்தத் தாய்மார்கள் குழுவில் போடுங்கள். வதந்தியை எடுத்துச் சொல்லி மறுக்க வேண்டாம். அதைக் கேட்டிராதவர்களுக்கும் நாமே கொண்டுபோய்ச் சேர்த்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் மகளின் அட்டை

நீங்கள் எழுதிய அந்த நான்கு வரி: மகளுக்கு முதல் எம்.ஆர். போட்ட எட்டாம் நாள் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. இப்போது இரண்டேகால் வயது. இரண்டாவது டோஸ் போடவில்லை. வீட்டில் போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறீர்கள். "நானே போடாம வச்சுக்கிட்டு அடுத்தவங்கள எப்படிம்மா கேக்கறது?" என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வலிப்பில் துடிக்கும் குழந்தையைக் கையில் வைத்திருந்தவள் நீங்கள். பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். காய்ச்சலோடு சேர்ந்து ஒரே ஒரு முறை, சில நிமிடம் வந்து நின்ற வலிப்பு பொதுவாக மூளையைப் பாதிப்பதில்லை, அடுத்த டோஸுக்குத் தடையும் இல்லை. ஆனால் இதை என் கடிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எத்தனை நிமிடம் வந்தது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா, அதற்குப் பிறகு மறுபடி வந்ததா என்பதையெல்லாம் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் சரி என்றால் போடுங்கள். நம் திட்டத்தில் ஐந்து வயது வரை எம்.ஆர். போடலாம். வேறு ஒரு செவிலியரைப் போடச் சொல்லுங்கள், நீங்கள் அம்மாவாக மட்டும் உட்காருங்கள். ஊசிக்குப் பிறகு ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை காய்ச்சலைக் கவனித்து, டாக்டர் சொன்ன அளவில் மருந்து கொடுங்கள். வீட்டில் உண்மையைச் சொல்வது எப்போது, எப்படி என்பது உங்கள் விருப்பம். ஆனால் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த வாரம் வீட்டில் இருக்க வேண்டும்.

இந்த அனுபவத்தை அந்த வீட்டில் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். உங்கள் மகளுக்குப் போட்டு முடிக்கும் வரை சொல்லாதீர்கள். அதுவரை அது பாதி உண்மைதான். பிறகும் ஊசி போட வைக்கும் தந்திரமாகச் சொல்லாதீர்கள். மூன்று குத்தா என்று கேட்ட அந்தப் பெண், "உங்களுக்குப் பயமா இல்லையா?" என்று என்றைக்காவது கேட்டால், அப்போது சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபின் அப்பா வேண்டாம் என்றே சொல்லலாம். சொன்னால், பதிவேட்டில் தேதியோடு காரணத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஊரில் யாருக்காவது காய்ச்சலோடு தடிப்பு வந்தால் தகவல் சொல்வதாகவும், அவர் குழந்தைக்கு அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும், போகும்போது ஊசி போடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடும்படியும் சொல்லிவிட்டு வாருங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பக்கம் போகும்போது குழந்தையின் எடையைப் பார்க்க நில்லுங்கள். ஊசிப் பேச்சை அவர்களாக எடுத்தால் பேசுங்கள்.

மெடிக்கல் ஆபீசரிடம் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதை அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.